திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 42 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய், முறையாக உணவுப் பட்டியல் வாங்கி, காலையில் நடந்து, ஆறு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 70க்கு வந்தேன். ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.2லிருந்து 5.8 ஆனது. ஐப்பசியில் அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போய் மூன்று நாள் தங்கினேன். திரும்பி வந்து எடை பார்த்தால் 72.4. அழுகையே வந்துவிட்டது. மறுநாள் முழுக்க ஜூஸ் மட்டும் குடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு சமையலறையில் நின்றபடியே சீர்ப் பலகார டின்னைத் திறந்தேன். அதிரசம் நாலு, முறுக்கு எத்தனை என்று கணக்கே இல்லை. போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் சரியாக அமையவில்லை. நடுவில் முழங்கால் வலி வந்து நடையும் நின்றது. ஏழு வாரம் ஆகிவிட்டது, இப்போது 75 கிலோ. எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். 'உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்' என்கிறார் கணவர். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா? பத்து நாள் வெறும் திரவ உணவாக எடுத்து, எடையை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் திரவ உணவு வேண்டாம். ஏன் என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் அதற்கான பொடி எதையாவது வாங்கி வைத்திருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரையாவது பிரிக்காமல் இருங்கள்.

இப்போது அந்த 72.4க்கு வருவோம். உங்களை அழ வைத்த அந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கு இது எளிது. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 2.4 கிலோவும் கொழுப்பு என்றால் 18,000 கலோரிக்கு மேல். உட்கார்ந்து பார்க்கும் வேலையில் உள்ள உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி அளவு போதும். அப்படியானால் வழக்கமான மூன்று வேளைக்கு மேல், இன்னும் பத்து நாள் சாப்பாட்டையும் அந்த மூன்று நாளில் நீங்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தக் கல்யாண வீட்டிலும் அது நடக்காது.

பிறகு மெஷின் காட்டியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் அரிசி, இனிப்பு இவற்றின் சர்க்கரையை ஈரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதம் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்ட உடம்பில் இந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். மூன்று நாள் பந்தியில் அது நிரம்பிவிடும். அதோடு ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று வீட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகப் போன உப்பும் தண்ணீரைத் தேக்கி வைக்கும். பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டு வந்த வீக்கம் வேறு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களாக இருந்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். உண்மையில் சேர்ந்த கொழுப்பு அரை கிலோவுக்குள்தான் இருந்திருக்கும். மறுநாளிலிருந்து நீங்கள் வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மெஷின் மறுபடி 70க்கு மேல் கொஞ்சத்தில் வந்து நின்றிருக்கும்.

இதை உங்கள் வருத்தத்தைக் கூட்டுவதற்காகச் சொல்லவில்லை. பழியை எங்கே போட வேண்டும் என்பது தெரிய வேண்டும், அதற்காகத்தான். நீங்கள் கல்யாணத்தின் மேல் போட்டிருக்கிறீர்கள், உங்கள் மனக்கட்டுப்பாட்டின் மேல் போட்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தெரிவது வேறு. உங்களைச் சாய்த்தது அந்த ஜூஸ் நாள்தான்.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் அழுகை. பிறகு தண்டனை மாதிரி நாள் முழுக்க ஜூஸ். ஜூஸில் நார்ச்சத்து போய்விடுகிறது, புரதம் கிட்டத்தட்ட இல்லை, வயிற்றில் நிற்பதும் இல்லை. ஆபீசில் எட்டு மணி நேர வேலை, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி முடித்து நிற்கும்போது மணி பத்து. எதிரில் பலகார டின். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கை அங்கேதான் போகும். அது ருசிக்காகத் தின்றதும் இல்லை. நின்றபடி, அவசரமாக, யாரும் பார்ப்பதற்குள் தின்றது. எத்தனை முறுக்கு என்று தெரியாமல் போனதற்குக் காரணம் பேராசை என்று நினைக்காதீர்கள். பதினாலு மணி நேரப் பசி அது.

பசிக்கு அடுத்து வந்தது 'போனது போச்சு'. இதை உளவியலாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரிடமும் ஐஸ்கிரீம் கொடுத்து, வேண்டிய அளவு ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் அளவு பார்த்துக் கட்டுப்பாடாகச் சாப்பிடும் பெண்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது தின்றதைவிட அதிகமாகத் தின்றார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விதி ஒரு தடவை உடைந்ததும், இனி இன்றைக்குக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. விதி எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்கு உடையும்போது சேதமும் பெரிது.

அடுப்பில் பால் பொங்கி ஒரு கரண்டி வழிந்துவிட்டால் உடனே அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்துவிட்டு மீதிப் பாலுக்கு டிகாஷன் ஊற்றுவீர்கள். வழிந்ததுதான் வழிந்தது என்று பாத்திரத்தையே தொட்டியில் கவிழ்க்க மாட்டீர்கள். அதிரசம் நாலோடு அன்றிரவு முடிந்திருந்தால் வழிந்தது ஒரு கரண்டிதான். அதற்குப் பின் வந்த ஏழு வாரம்தான் கவிழ்த்தது.

மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டீர்கள். எட்டு கிலோ குறைத்தவரிடம் அது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் இந்தச் சங்கடத்தில் உடம்புக்கும் ஒரு பங்கு உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. எடை குறைந்ததும் உடல் அதை ஒரு பஞ்சகாலம் மாதிரி எடுத்துக்கொள்கிறது. போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்னில் 50 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஆகவே முன்னைவிட இப்போது அதிகமாகப் பசிக்கிறது என்றால், அது உங்கள் கற்பனையும் இல்லை, ஒழுக்கக் குறைவும் இல்லை. அந்தப் பசிக்கு நேரத்தோடு சரியான சாப்பாடு கொடுக்க வேண்டும். முறைத்துக்கொண்டு நின்றால் அது ராத்திரி பத்து மணிக்கு வந்து கேட்கும்.

திரவ உணவு வேண்டாம் என்றதற்கும் இதுதான் முதல் காரணம். ஒரு நாள் ஜூஸ் குடித்ததற்கே ஏழு வாரம் ஆகியிருக்கிறது. பத்து நாள் குடித்தால்? 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள், போருக்குப் போக மனசாட்சி இடம் தராதவர்கள், ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருக்க முன்வந்தார்கள். உடல் எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போனது. அந்த மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பாடு கொடுத்தபோது, வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள் பலர். அவர்கள் திடமான, ஆரோக்கியமான ஆட்கள். பட்டினி யாரையும் அந்த இடத்துக்குத்தான் கொண்டு போகும். தவிர, பத்து நாளில் இறங்கும் எடையில் நிறைய தண்ணீர், கொஞ்சம் தசை. வேகமாக எடை குறைவது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பையும் கூட்டும். சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் தங்கள் கண்காணிப்பில் திரவ உணவு கொடுப்பது உண்டு, அது வேறு கதை. கடையில் பொடி வாங்கி நாமே செய்துகொள்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, என்ன செய்வது? இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். திங்கட்கிழமை, தை முதல் தேதி, அமாவாசை கழிந்து என்று எதையும் பார்க்க வேண்டாம். இரண்டு தோசை, ஸ்பூனால் அளந்த எண்ணெய், பருப்பும் காயும் கெட்டியாக உள்ள சாம்பார் ஒரு கிண்ணம், கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. நம் ராத்திரிச் சாப்பாட்டில் பெரும்பாலும் மாவும் சட்னியும்தான் இருக்கும், புரதம் இருக்காது. ஒன்பதரைக்கு மறுபடி எதையாவது கொறிக்கத் தோன்றுவதற்கு அது ஒரு பெரிய காரணம். உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். ஓர் அதிரசம் வேண்டும் என்று தோன்றினால் அதையும் அந்தத் தட்டிலேயே வைத்து, எல்லோர் முன்னாலும் சாப்பிடுங்கள். ஒளித்துத் தின்னும்போதுதான் கணக்கு தப்புகிறது. மீதிப் பலகாரம் இன்னும் இருந்தால் நாளைக்கே ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பங்கு போட்டுவிடுங்கள். சீர்ப் பலகாரத்தை நாலு பேருக்குக் கொடுப்பதுதானே வழக்கமும்.

உங்கள் மாலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் கை தவறுகிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாலை நாலு மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் 'டீ மட்டும்' என்பார்கள். மதியம் ஒரு மணிக்குக் கட்டுப்பாடாகக் கொஞ்சம் சோறு, நாலு மணிக்கு டீ, அடுத்து எட்டரைக்கு. இடையில் ஏழரை மணி நேரம். கம்பெனி டீயோடு பஜ்ஜி வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள், நல்லது, ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் வறுத்த கடலை, அவித்த பயறு, ஒரு கொய்யா, எதையாவது கொண்டு போங்கள். ராத்திரி பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும். டீக்குச் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தி வாய் கசந்து போவதைவிட, இரண்டு ஸ்பூனை ஒன்றாக்கி இரண்டு வாரம் பழகிவிட்டு அப்புறம் அரையாக்குங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கலோரி எழுத வேண்டாம், அதை எழுதி எழுதி வெறுத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கை தவறிய அன்று மட்டும் எழுதினால் போதும். மணி என்ன, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அன்று தூக்கம் எப்படி, யாரோடாவது மனஸ்தாபமா, இவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியும். மாதக் கடைசி கணக்கு முடிக்கும் நாட்கள் என்று வரலாம், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் என்று வரலாம். தெரிந்துவிட்டால் அந்த நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

தை வந்தால் மறுபடி கல்யாணங்கள் வரும், பொங்கல் வரும். போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். பந்தியில் முதலில் பொரியலும் கூட்டும் இருமுறை கேட்டு வாங்குங்கள், சோற்றை ஒரு தடவையோடு நிறுத்துங்கள், இனிப்பில் மிகவும் பிடித்ததாக ஒன்றை நிதானமாகச் சாப்பிடுங்கள். பரிமாறுகிறவர் வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டிவிடுங்கள், வாயால் போதும் என்றால் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பந்தியைவிட ஊர் திரும்பிய மறுநாள்தான் எனக்கு முக்கியம். அந்த நாளுக்கான திட்டத்தை இப்போதே, மனம் தெளிவாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டி வையுங்கள். காலையில் வழக்கமான இட்லி சாம்பார். எந்த வேளையையும் விடக் கூடாது. ஊறுகாய் இல்லாமல் ஒரு நாள். பதினைந்து நிமிட நடை. ஐந்து நாளைக்கு மெஷினில் ஏறுவது இல்லை. இதை நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தால், அன்றைக்கு யோசிக்க வேண்டிய வேலை மிச்சம்.

மெஷினை வெளியே எடுங்கள், ஆனால் தினமும் ஏற வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில். ஒரு வார எண்ணைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நாலு வார எண்களைச் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு அளவையும் மாதம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள், இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. இப்போதுள்ள 75இல் ஒரு பகுதி தண்ணீர்தான், முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் சட்டென்று இறங்கும், பிறகு வேகம் குறையும். அப்போது மறுபடி சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள். வலியோடு நடந்து தாங்கிக்கொள்ள வேண்டாம். நடக்க முடியாத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி மடக்கும் பயிற்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். தொடைத் தசைக்கு வலு வந்தால் முழங்காலுக்கும் பாரம் குறையும். அப்படியே தைராய்டு பரிசோதனையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது பசியையும் எடையையும் கூட்டக்கூடியது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த டின் ராத்திரி மாதிரி, நிறுத்த முடியாமல், ஒளிந்து, பிறகு அருவருப்போடு சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தடவையாவது என்று மாதக்கணக்கில் தொடர்கிறதா? தின்றதை வாந்தி எடுக்க நினைத்தது உண்டா? உண்டு என்றால் உணவுப் பட்டியல் அதைச் சரிசெய்யாது. அது மனநல மருத்துவர் சிகிச்சை தரக்கூடிய ஒரு நிலை, அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கணவர் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. நீங்கள் அழுவதைப் பார்க்க முடியாமல்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவரிடம் 'சப்போர்ட் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. வேலையாகக் கேளுங்கள். ராத்திரி பாத்திரத்தை அவர் கழுவட்டும், அந்த நேரத்தில் நீங்கள் சமையலறையில் நிற்க வேண்டாம். வரும்போது பேக்கரியில் பஃப்ஸ் வாங்கி வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட நடக்க வரட்டும். என் எடையைப் பற்றி நீங்களாக எதுவும் பேச வேண்டாம் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் எதற்காக இதை ஆரம்பித்தீர்கள் என்று பாருங்கள். 70 கிலோவுக்காக இல்லை, சர்க்கரை நோய் வராமல் இருப்பதற்காக. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உங்களைப் போலவே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதத்தினருக்கு சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்தவர்களில் அது 39 சதவீதம். இதில் முக்கியமான விஷயம், நடந்தவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. மெஷின் அசையாதபோதும் அவர்களுடைய உடம்புக்கு உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. நீங்கள் நடந்த ஒவ்வொரு காலையும், குறைத்த ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். இன்னும் ஒன்று, 75 என்பது நீங்கள் தொடங்கிய 78ஐவிட மூன்று கிலோ குறைவு.

ஹெச்பிஏ1சி எடுக்கப் பயமாக இருக்கும், இருந்தாலும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அது ஏறக்குறைய கடந்த மூன்று மாத சராசரியைக் காட்டுவது, ஆகவே நீங்கள் நன்றாக இருந்த வாரங்களும் அதில் இருக்கும். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் தாமதிக்காமல் உங்கள் டாக்டரைப் பாருங்கள். அதற்குக் கீழே என்றால் மேலே சொன்னதைத் தொடர்ந்து செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும், அந்த நோட்டில் தெரிந்த ஒழுங்கையும் எனக்கு எழுதுங்கள். உங்கள் ஆபீஸ் நேரத்துக்குத் தகுந்த மாதிரி பட்டியலைத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்